கல்லுக்கு மட்டும் மராமத்து போதுமா?

மும்பைக்குப் பிழைக்க வந்த தமிழனுக்கு முதலில் பழக்கமாகும் இடங்கள் மூன்று. ஒன்று, ரெயிலை விட்டு இறங்கிய ஸ்டேஷன். இரண்டாவது, தாராவியோ மாட்டுங்காவோ, உறவுக்காரர் இருக்கிற இடம். மூன்றாவது, கிராபர்டு மார்க்கெட்.

ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்குப் பையும் பொம்மையும் வாங்க அங்கேதான் போகிறோம். தங்கச்சி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அதை ஒட்டிய மங்கள்தாஸ் மார்க்கெட்டுக்குப் போகிறோம். நாலு கிராம் நகை வாங்கப் பணம் சேர்ந்தால் ஜவேரி பஜார். வீட்டுக்கு ஒயரும் சுவிட்சும் வேண்டுமானால் லோகார் சால். எல்லாம் ஒரே வட்டாரம். நாகர்கோவில் எக்ஸ்பிரசுக்கு நேரம் இருந்தால், கடைசி நிமிடத்தில் ஒரு பெட்டி மாம்பழம் வாங்கவும் அங்கேதான் ஓடுகிறோம்.

மார்க்கெட்டின் இன்றைய பெயர் மகாத்மா ஜோதிபா பூலே மண்டயி. ஆனால் டாக்சிக்காரரும் பஸ் கண்டக்டரும் இன்னும் "கிராபர்டு மார்க்கெட்" என்றுதான் சொல்கிறார்கள். ஸ்டேஷன் பெயர் 1996-ல் மாறிய பிறகும் நாம் "வி.டி." என்று சொல்வது போலத்தான் இதுவும்.

இந்தப் பழைய கட்டிடத்துக்குச் சில ஆண்டுகளாகக் கட்டம் கட்டமாக மராமத்து வேலை நடந்து வருகிறது. கறுத்துக் கிடந்த கல் வெளுக்கிறது. சிற்பம் கண்ணுக்குத் தெரிகிறது. நல்ல காரியம். அதில் குறை காண நாம் வரவில்லை.

நாம் கேட்பது ஒன்றுதான். மார்க்கெட் என்றால் கல்லும் ஓடும் மட்டும்தானா? கூடை சுமக்கிறவர், தெரு ஓரத்தில் விற்கிறவர், அங்கே நின்று இட்லி தின்றுவிட்டு வேலைக்குப் போகிறவர், இவர்கள் எல்லாம் மார்க்கெட்டில் சேர்த்தி இல்லையா? கல்லுக்கு மராமத்து நடக்கும்போது இவர்களின் கணக்கை யார் எழுதப்போகிறார்கள்?

பருத்திப் பணம்

இந்தக் கட்டிடம் எழும்பிய கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்து மில்களுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது நின்றது. உடனே எல்லோருடைய பார்வையும் இந்தியப் பருத்தி மீது திரும்பியது. பம்பாய்த் துறைமுகத்தில் பணம் கொட்டியது. அந்தக் காலத்தில் கவர்னராக இருந்த பார்ட்டில் பிரேர் பழைய கோட்டைச் சுவரை இடித்து நகரத்தை விரிவாக்கினார். 1865-ல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. பங்குகளில் பணம் போட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பாங்குகள் கவிழ்ந்தன.

அதே 1865-ல் நகரசபையின் முதல் கமிஷனராக வந்தவர் ஆர்தர் கிராபர்டு. சுத்தம், சாக்கடை, சாலை, மார்க்கெட் என்று வேகமாக வேலை செய்தவர். வில்லியம் எமர்சன் என்ற கட்டிடக் கலைஞர் வரைந்த படத்தின்படி 1869-ல் மார்க்கெட் முடிந்தது. குர்லாவில் வெட்டிய மங்கலான மஞ்சள் கல், வசாயிலிருந்து வந்த செங்கல் நிறக் கல், உள்ளே இரும்புத் தூண்கள், மேலே 128 அடி உயர மணிக்கூண்டு. வி.டி. ஸ்டேஷன் கட்டிடம் 1888-ல்தான் முடிந்தது. ஸ்டேஷனுக்கு மார்க்கெட் அண்ணன். 1882-ல் பம்பாயில் முதன்முதலாக மின்சார விளக்கு எரிந்ததும் இந்த மார்க்கெட்டில்தான்.

ஆனால் கிராபர்டு செலவழித்த பணத்துக்குக் கணக்குக் கேட்டார்கள் வரி கட்டிய ஜனங்கள். "எங்கள் பணம், எங்களைக் கேட்காமல் எப்படிச் செலவு செய்யலாம்?" என்பதுதான் அவர்கள் கேள்வி. கிளர்ச்சி முற்றி 1871-ல் கிராபர்டு பதவியை விட்டுப் போனார். 1872-ல் புதுச் சட்டம் வந்தது. நகரசபையின் 64 உறுப்பினர்களில் 32 பேரை வரி கட்டுகிறவர்களே தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. கிராபர்டு பிறகு பூனா பக்கம் பெரிய உத்தியோகத்தில் இருந்தபோது, 1888-ல் லஞ்சப் புகார் எழுந்து, விசாரணைக் கமிஷன் உட்கார்ந்து, கடைசியில் உத்தியோகத்தையே இழந்தார்.

இந்தப் பழைய கதையை நாம் ஏன் சொல்கிறோம்? மும்பையில் வாக்குப் போட்டு நகரசபை அமைக்கும் உரிமைக்கு, இந்த மார்க்கெட் போன்ற செலவுகள் மீது எழுந்த கேள்வியே ஒரு காரணம். அப்படி வந்த உரிமை, 2022 மார்ச்சில் மாநகராட்சியின் பதவிக் காலம் முடிந்த பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் செயல்படாமல் கிடந்தது. அத்தனை நாளும் அதிகாரிகள்தான் ஆண்டார்கள். தெருவில் நிற்கிறவன் தன் குறையைச் சொல்ல ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் இருந்தான். கல்லைப் பற்றிய முடிவும் மனிதனைப் பற்றிய முடிவும் மேசை மீது இருந்த காகிதத்தில் மட்டுமே நடந்தன.

வாசலில் உழவன்

மார்க்கெட்டின் பெரிய வாசலுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். கல்லில் செதுக்கிய சிற்பம் இருக்கிறது. ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. வயலில் பாடுபடுகிற இந்திய உழவர்கள்தான் இருக்கிறார்கள். இதை வடிவமைத்தவர் ஜான் லாக்வுட் கிப்ளிங். எதிரே இருக்கிற ஜே.ஜே. கலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங்கின் தகப்பனார்.

வாசலில் உழவன் இருக்கிற கட்டிடத்துக்கு, பிற்காலத்தில் வைத்த பெயரும் பொருத்தமாக அமைந்தது. ஜோதிராவ் பூலே (1827-1890) உழவனுக்காகப் பேசியவர். 1848-ல் பூனாவில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியவர். 1873-ல் சத்திய சோதக் சமாஜத்தை நிறுவியவர். அதிகாரியும், வட்டிக்காரனும், புரோகிதனும் சேர்ந்து விவசாயியை எப்படி உறிஞ்சுகிறார்கள் என்று 1880-களின் தொடக்கத்தில் ஒரு புத்தகமே எழுதினார். அதன் பெயருக்கு "உழவனின் சாட்டை" என்று பொருள். அவருக்கு "மகாத்மா" என்ற பட்டத்தை மும்பை ஜனங்கள் கொடுத்தது 1888 மே 11-ந் தேதி, மாண்ட்வி கோலிவாடாவில். மார்க்கெட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான் அது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பூனாவிலும் ஒரு பெரிய மார்க்கெட் உண்டு. 1886-ல் கவர்னர் ரே பிரபுவின் பெயரில் திறந்தது. பூனா நகரசபையில் உறுப்பினராக இருந்த பூலே, அந்தக் கட்டிடத்துக்கு அவ்வளவு பணத்தைக் கொட்டுவதை எதிர்த்தவர். அந்தப் பணம் ஏழைகளின் படிப்புக்குப் போகட்டும் என்பது அவர் கட்சி. இன்று அந்த பூனா மார்க்கெட்டுக்கும் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

கல்லுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் ஆளைப் பார் என்று சொன்ன மனிதரின் பெயர், இரண்டு ஊர்களில் இரண்டு கல் கட்டிடங்களின் மேல் இருக்கிறது. அந்தப் பெயருக்கு நாம் செய்யும் மரியாதை, எழுத்தைப் பெரிதாகப் பொறிப்பதில் முடிந்துவிடுமா?

பாட்டிவாலா

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் "பாட்டிவாலா" என்ற சொல்லைக் கேட்டுச் சிரிப்பார்கள். நம் பாட்டிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மராத்தியில் பாட்டி என்றால் கூடை. பெரிய வட்டக் கூடையுடன் நம் பின்னாலேயே வந்து, நாம் வாங்குவதை எல்லாம் வாங்கிச் சுமந்து, டாக்சி வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கிறவர்தான் பாட்டிவாலா. இவர் இல்லாவிட்டால் அந்த மார்க்கெட்டில் பாதி வியாபாரம் நடக்காது.

மகாராஷ்டிரத்தில் சுமை தூக்குகிறவர்களுக்காக 1969-ல் ஒரு நல்ல சட்டம் வந்தது. மாத்தாடித் தொழிலாளர் சட்டம் என்பார்கள். அண்ணாசாகேப் பாட்டீல் என்ற தொழிலாளர் தலைவரின் போராட்டத்தால் கிடைத்தது. கூலி வாரியத்தின் மூலம் வரவேண்டும், பி.எப்., பணிக்கொடை, வைத்தியம் எல்லாம் உண்டு என்று அது ஏற்பாடு செய்தது. லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவருக்கு இதனால் ஒரு பிடிமானம் கிடைத்தது.

ஆனால் பொருள் வாங்க வருகிறவரின் கையிலிருந்து கூலி வாங்கும் கூடைக்காரருக்கு முதலாளி யார்? கை காட்ட ஆள் இல்லை. இருபது ரூபாயோ முப்பது ரூபாயோ பேரம் பேசி வாங்கினால் உண்டு. உடம்பு முடியாத அன்று ஒன்றும் இல்லை.

1996 மார்ச்சில் பழ மொத்த வியாபாரம் இங்கிருந்து நவி மும்பைக்குப் போனது. லாரி நெரிசலை நினைத்தால் அந்த முடிவு சரிதான். அதே 1996-ல்தான் சென்னையில் கொத்தவால் சாவடி மொத்த வியாபாரமும் கோயம்பேட்டுக்குப் போனது. நகரம் பெருத்தால் இப்படித்தான் நடக்கும். ஆனால் சரக்கு போன இடத்துக்குத் தோளும் போகவேண்டும். வியாபாரிக்குப் புது மார்க்கெட்டில் கடை எண் கிடைக்கும். கூடைக்காரருக்கு எண் ஏது? ரெயில் ஏறி அங்கே போ, இல்லாவிட்டால் இங்கேயே கிடைத்ததைத் தூக்கு. இதுதான் நிலைமை.

மார்க்கெட்டுக்கு உள்ளே அழகான நீரூற்று ஒன்று இருக்கிறது. அதைப் பழுதுபார்ப்பது நல்லதுதான். ஆனால் ஏப்ரல், மே வெயிலில் கூடை தூக்குகிறவருக்கு வேண்டியது குடிநீர்க் குழாய். ஐந்து நிமிடம் உட்கார ஒரு திண்ணை. காசு கேட்காத கழிப்பிடம். கூடையைப் பூட்டி வைக்க ஓர் இடம். இவை எல்லாம் சேர்ந்து ஒரு தூணைச் சுத்தம் செய்கிற செலவுகூட ஆகாது என்று நாம் நினைக்கிறோம்.

ஒரு கண் சட்டியில்

மார்க்கெட் காலையில் கண் விழிக்கும்போது அங்கே தமிழ்க் குரல் கேட்கும். தாராவியிலிருந்து அலுமினியச் சட்டியில் இட்லியும் வடையும் கட்டிக்கொண்டு, சைக்கிளில் ஹாரன் அடித்து வருகிறவர்கள் நம் ஆட்கள். கடை திறக்கும் குஜராத்தி முதலாளிக்கும், கூடை தூக்கும் சாத்தாராக்காரருக்கும், கைவண்டி இழுக்கும் பீகார்க்காரருக்கும் காலைச் சாப்பாடு அந்தச் சட்டியிலிருந்துதான்.

அப்படி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நாங்குநேரிப் பக்கம் சொந்த ஊர். ஐம்பதைத் தாண்டியவர்.

"அண்ணாச்சி, யாவாரம் எப்படி?" என்றேன்.

"யாவாரத்துக்குக் குறைச்சல் இல்ல தம்பி. ஆனா ஒரு கண்ணு சட்டியில, ஒரு கண்ணு தெரு முக்குல. சட்டியத் தூக்கிட்டா, மறுநா யாவாரத்துக்கு வட்டிக்குத்தான் வாங்கணும்."

"பெயர் பதிவு செய்தீர்களா?"

"எழுதிட்டுப் போனாவ. சீட்டு இன்னும் வரல. நமக்கு யாரு தருவா?"

"நமக்கு யாரு தருவா" என்ற அந்தச் சொல்தான் என்னை இதை எழுத வைத்தது. ஏனென்றால், தரவேண்டும் என்று நாட்டின் சட்டமே சொல்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1981-ல் மும்பை நடைபாதைவாசிகளை விரட்ட முனைந்தபோது சுப்ரீம் கோர்ட்டுக்கு வழக்குப் போனது. 1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. பிழைப்புக்கு வழி இல்லாமல் உயிர் வாழ முடியாது, ஆகவே பிழைப்புரிமையும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று கோர்ட்டு சொன்னது. நாடு முழுவதும் இன்றும் மேற்கோள் காட்டுகிற தீர்ப்பு அது. அந்த வழக்கில் மனுப் போட்டவர்களில் ஒருவர், 1961-ல் சேலத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த நிலமில்லாத தமிழ்த் தொழிலாளி. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அவர்கள் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. குடிசை தப்பவில்லை. ஆனால் நாட்டுக்கு ஒரு நீதி கிடைத்தது.

பிறகு 2014-ல் தெரு வியாபாரிகளுக்கென்றே பாராளுமன்றம் தனிச் சட்டம் செய்தது. அதில் உள்ளவற்றை நம் ஆட்கள் மனப்பாடம் செய்யவேண்டும்.

தெரு வியாபாரிகளைக் கணக்கெடுத்து எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை ஒருவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானாலும் 30 நாள் நோட்டீசு கொடுக்கவேண்டும். சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்கவேண்டும். அழுகும் பொருளாக இருந்தால், கேட்ட அன்றே திருப்பித் தரவேண்டும். மற்றப் பொருளை இரண்டு வேலை நாளில் தரவேண்டும். எங்கே விற்கலாம் என்று முடிவு செய்யும் கமிட்டியில் நூற்றுக்கு 40 பேராவது தெரு வியாபாரிகளாக இருக்கவேண்டும். அந்த 40 பேரில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. தெரு வியாபாரம் 50 ஆண்டுகளுக்கு மேல் நடந்துவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்கவேண்டும், அங்கே விற்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். கிராபர்டு மார்க்கெட் கட்டிடம் பாரம்பரியக் கட்டிடம். பழைய கட்டிடங்களைக் காக்க 1995-லேயே மும்பைக்கு விதிமுறை வந்துவிட்டது. ஒரு ஜன்னலை மாற்றுவதானாலும் நிபுணர்கள் கூடிப் பேசுகிறார்கள். அந்தக் கட்டிடத்தின் வாசலில் தலைமுறை தலைமுறையாக விற்கிறவர்களின் சந்தையும் பாரம்பரியம் ஆகலாம் என்று 2014-ல் சட்டம் வந்தது. முதல் பாரம்பரியத்துக்குக் கிடைத்த கவனிப்பில் கால் பங்கு இரண்டாவதற்குக் கிடைத்ததா?

மும்பையில் 2014-ல் எடுத்த கணக்கில் சுமார் 99 ஆயிரம் பேர் மனுக் கொடுத்தார்கள். தகுதி உள்ளவர்கள் என்று பட்டியலில் நின்றவர்கள் சுமார் 32 ஆயிரம் பேர். கமிட்டிக்குத் தேர்தல் நடக்கவே 2024 ஆகஸ்டு ஆகிவிட்டது. சட்டம் வந்து பத்து ஆண்டுகள்! பத்து ஆண்டில் ஒரு குழந்தை ஐந்தாம் வகுப்புக்குப் போய்விடும்.

நடக்க இடம் இல்லையே!

இதைப் படிக்கிற ஆபீஸ் குமாஸ்தாக்கள் சிலர் கோபப்படலாம். "நடைபாதையில் நடக்க முடியவில்லை. ஐந்து மணி ஆறு நிமிட லோக்கலைப் பிடிக்க ஓடினால் குடையும் செருப்பும் காலைத் தட்டுகின்றன. நீர் அவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறீரா?" என்று கேட்கலாம்.

நியாயமான கேள்வி. நானும் குமாஸ்தாதான். நானும் அந்தக் கூட்டத்தில் இடிபடுகிறவன்தான். அப்துல் ரகுமான் தெருவில் மாலை ஆறு மணிக்கு ஒரு தீயணைப்பு வண்டி நுழையவேண்டும் என்றால் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்கும் பயமாக இருக்கிறது. கடைக்கு வாடகையும் வரியும் கட்டுகிறவரின் வாசலை மறைத்து ஒருவர் துணி விரித்தால் அவருக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் வழி என்ன? வண்டி வருகிறது, எல்லோரும் ஓடுகிறார்கள், வண்டி போகிறது, எல்லோரும் திரும்பி வருகிறார்கள். இதனால் நடைபாதை ஒருநாளாவது காலியானது உண்டா? ஓட்டமும் துரத்தலும்தான் மிச்சம். நடுவில் இருந்து வசூல் செய்கிறவனுக்குத்தான் லாபம்.

தெருவில் கோடு போடுங்கள். தீயணைப்பு வண்டிக்கு இவ்வளவு அகலம், நடக்கிறவருக்கு இவ்வளவு, மிச்சத்தில் இத்தனை பேர் என்று எண்ணுங்கள். எண் கொடுங்கள். கட்டணம் வாங்கி ரசீது கொடுங்கள். கோட்டைத் தாண்டினால் அபராதம் போடுங்கள். எண் உள்ளவனுக்கு அந்த இடத்தின் மீது அக்கறை வரும். குப்பையைத் தானே கூட்டுவான். பக்கத்தில் புதிதாக ஒருவன் வந்து நெருக்கினால் அவனே தடுப்பான். நாளைக்கு இருப்போமா என்று தெரியாதவனிடம் ஒழுங்கை எதிர்பார்ப்பது வீண்.

செய்யவேண்டும் என்று நினைத்தால் செய்ய முடியும். மார்க்கெட்டுக்குப் பக்கத்துக் கர்னாக் பாலத்தைப் பாருங்கள். 1868-ல் கட்டியது. மார்க்கெட்டுக்கு ஒரு வயது மூத்தது. 2022 நவம்பரில் 27 மணி நேரம் ரெயிலை நிறுத்தி, அந்தப் பாலத்தை இறக்கினார்கள். எத்தனை இலாகா, எத்தனை காகிதம்! 2025 ஜூலையில் அதே இடத்தில் சிந்தூர் என்ற பெயருடன் புதுப் பாலம் திறந்தாயிற்று. லாரி போக வழி செய்யத் தெரிந்த நகரத்துக்கு, கூடை போக வழி செய்யத் தெரியாதா?

மூர் மார்க்கெட் தந்த பாடம்

நம் ஊர்ச் சென்னையின் கதை ஒன்றை இங்கே நினைத்துப் பார்க்கவேண்டும்.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் இருந்தது. 1900-ல் திறந்தது. செங்கல் கட்டிடம். நடுவில் முற்றம். பழைய புத்தகத்துக்குப் பெயர் போன இடம். பள்ளிக்கூடப் புத்தகம் புதிதாக வாங்கக் காசு இல்லாத எத்தனையோ பிள்ளைகள் அங்கே பாதி விலைக்கு வாங்கிப் படித்தார்கள். 1985 மே 30-ந் தேதி அது தீயில் அழிந்தது. பிறகு அந்த இடத்தில் புறநகர் ரெயில் நிலையக் கட்டிடம் எழும்பியது. இன்றும் அதற்கு மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்று பெயர். பெயர் நிற்கிறது. மார்க்கெட் இல்லை.

நான் சம்பளம் வாங்குவது ரெயில்வேயில்தான். ரெயில் நிலையம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். லட்சக்கணக்கானவர்கள் அங்கே வந்து போகிறார்கள். ஆனால் ஒன்று. புத்தகக் கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே வேறு கட்டிடத்தில் கடை கொடுத்தும், பழைய மூர் மார்க்கெட்டின் அந்தக் கூட்டமும் பெயரும் திரும்ப வரவில்லை. சந்தை ஒரு மரம் மாதிரி. வேரோடு பிடுங்கி நட்டால் எல்லா மரமும் பிழைப்பதில்லை.

மும்பையிலும் கிராபர்டு மார்க்கெட் நிலத்தில் பெரிய கட்டிடம் எழுப்பலாம் என்று யோசனைகள் வந்தது உண்டு. பழைய கட்டிடத்தின் மீது அக்கறை உள்ளவர்கள் எதிர்த்தார்கள். கட்டிடம் தப்பியது. அவர்களுக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் கட்டிடத்தைக் காக்கப் படித்தவர்கள் வந்தார்கள். தெருவைக் காக்க யார் வருவார்கள்? தெருவில் இருப்பவர்கள்தான் வரவேண்டும்.

நாம் செய்யவேண்டியது

மாநகராட்சிக்கு நம் கோரிக்கைகள் பெரிதல்ல. மராமத்துத் திட்டத்தில் சுமைக்காரர்களுக்கென்று தண்ணீர், திண்ணை, கழிப்பிடம், கூடை வைக்கும் இடம் ஆகியவற்றை எழுத்தில் சேர்க்கட்டும். பழைய கடைக்காரர்களுக்குப் பழைய இடத்திலேயே, தாங்கக்கூடிய வாடகையில் கடை கொடுக்கட்டும். சுற்றியுள்ள தெருக்களில் 2014-ம் ஆண்டுச் சட்டப்படி எண்ணிக்கை எடுத்துச் சான்றிதழ் வழங்கட்டும். 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தெருச் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்கட்டும். சட்டம் சொன்னதைத்தான் கேட்கிறோம். சலுகை கேட்கவில்லை.

நம் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. "நாம் பிழைக்க வந்தவர்கள், நமக்கு எதற்கு வம்பு" என்று ஒதுங்கிவிடுகிறோம். பதிவு செய்ய ஆள் வந்தால் "ரேஷன் கார்டு ஊரில் இருக்கிறது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். பிறகு பட்டியலில் பெயர் இல்லை என்று வருத்தப்படுகிறோம்.

தெருவில் வியாபாரம் செய்கிற ஒவ்வொருவரும் காகிதத்தைச் சேர்த்து வையுங்கள். அபராதம் கட்டிய ரசீதாக இருந்தாலும் சரி, பத்திரப்படுத்துங்கள். இத்தனை ஆண்டு இந்த இடத்தில் இருந்தோம் என்பதற்கு அதுவே சாட்சி. சரக்கை எடுத்தால் பட்டியல் கேளுங்கள். பேசத் தெரியாவிட்டால், பேசத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். பக்கத்தில் விற்கிற மராத்திக்காரரும் உத்தரப் பிரதேசக்காரரும் நமக்குப் போட்டி என்று நினைக்காதீர்கள். துரத்துகிற வண்டி பாஷை பார்த்துத் துரத்துவதில்லை. சங்கம் என்றால் அவர்களோடு சேர்ந்த சங்கமாக இருக்கட்டும்.

ஆபீசில் வேலை பார்க்கிற நாமும் சும்மா இருக்கக் கூடாது. ஒரு மனு எழுதிக் கொடுக்க அரை மணி நேரம் போதும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி போடப் பத்து ரூபாய் போதும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் பேட்டைச் சங்கத்தில் உட்கார்ந்து நாலு பேருக்கு எழுதிக் கொடுத்தால், அது கோவில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுப்பதைவிடக் குறைந்த புண்ணியம் அல்ல.

2002-ல் திறந்த மேம்பாலம் மார்க்கெட்டுக்குப் பக்கத்திலிருந்து தொடங்கி முகம்மது அலி சாலைக்கு மேலே நீளமாகப் போகிறது. அதில் காரில் போகிறவர்களுக்கு மணிக்கூண்டு மட்டும்தான் தெரியும். கீழே நடக்கிற நமக்குத்தான் தெருவும் தெரியும், கூடையும் தெரியும், சட்டியும் தெரியும். தெரிந்தவர்கள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

வாசல் சிற்பத்தில் உழவனைக் கழுவித் துடைத்துப் பார்க்கிறார்கள். அந்த உழவன் விளைத்ததை விற்கிறவனும் சுமக்கிறவனும் அந்த வாசலுக்கு நேர் கீழே நிற்கிறார்கள். அவர்களையும் ஒரு முறை பார்க்கட்டும். நாங்குநேரி அண்ணாச்சியின் கைக்கு அந்தச் சீட்டு வந்து சேருகிற அன்றுதான் மராமத்து முடிந்தது என்று நாம் ஒப்புக்கொள்வோம்.